வெள்ளைத் தட்டில் ஒரு துளி இரத்தம்

பிரதாபன் எதனால் இறந்தார்?

எனக்குத் தெரியாது. இந்த மண்டபத்தில் இருக்கும் ஒருவருக்கும் தெரியாது. இனி எந்த மருத்துவர் வந்தாலும், எந்தக் கருவி வந்தாலும் தெரியப்போவதில்லை. வணக்கம் சொல்வதற்கு முன்பு இதைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவெடுத்துத்தான் மேடை ஏறினேன். இனி முறைப்படி தொடங்குகிறேன்.

எங்கள் வாவிக்கரை நலன்புரி ஒன்றியத்தைப் பதினேழு ஆண்டுகளாகத் தோளில் சுமந்து வரும் விழாத் தலைவர், மதிப்புக்குரிய மகேஸ்வரன் அண்ணை அவர்களே. முன்வரிசையில் முள்ளந்தண்டு வளையாமல் அமர்ந்திருக்கும் மூத்தவர், எங்கள் நன்மை தின்மைகளில் முன்னின்று நடத்தும் நாகமணி அங்கிள் அவர்களே. மேடையை அலங்கரிக்கும் மருத்துவர் ராகுலன் அவர்களே. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, பிள்ளைகளுக்குச் சோறு கட்டி வைத்து, இருட்டில் வேலை வானில் ஏறி, களைத்து வீடு திரும்பும் தாய்மாரே. பக்கத்து நகரங்களான பிக்கரிங்கிலிருந்தும் அஜக்ஸிலிருந்தும் இந்தப் பனியில் வண்டி ஓட்டி வந்திருக்கும் குடும்பங்களே. வரக்கூடாத நாள் என்று பலர் சொல்லியும் நான் கேட்டதற்காக வந்து, கடைசி வரிசையில் கோட்டைக் கழற்றாமல் இருக்கும், பிரதாபனின் மனைவி நிருஜாவே. உங்கள் அனைவரின் முன்னும் தலைதாழ்த்துகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: என் பெயர் மதுரா. பல்கலைக்கழகத்தில் அறிவியல் வரலாறு கற்பிக்கிறேன். மேடை எனக்குப் பழக்கமில்லை. பேசச் சொன்னால் கும்பிட்டு விலகிக்கொள்கிறவள். எதையும் இரண்டு தரம் கேட்டு, மூன்று தரம் ஐயப்படுகிறவள். அப்படிப்பட்டவள் இன்று இங்கே நிற்பதற்குக் காரணம் கோபம். அதை நான் மறைக்கப் போவதில்லை.

உங்கள் கையிலிருக்கும் துண்டுப்பிரசுரத்தில் என் உரையின் தலைப்பு இருக்கிறது. 'தமிழ் கற்ற ஜெர்மன் மருத்துவர்.' நல்ல தலைப்பு. நெஞ்சு நிமிரும் தலைப்பு. அதில் பிழை ஒன்றே ஒன்றுதான். அது உண்மையில்லை.

எப்படி வந்தது அந்தப் பிழை? ஜனவரியில் மகேஸ்வரன் அண்ணை தொலைபேசியில் கேட்டார், யாரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் ஹொப்பே-சைலர் என்றேன். "அவருக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு?" என்றார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் சிறுவயதில் ஹாலே நகரத்து அநாதை இல்லப் பள்ளியில் படித்தவர், அந்த நிறுவனத்திலிருந்துதான் தரங்கம்பாடிக்குப் பாதிரிமார் போனார்கள், தமிழ் ஓலைச்சுவடிகள் அங்கே இன்றும் இருக்கின்றன என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப அவர் தமிழ் படிச்சிருப்பார்தானே."

"அதுக்கு ஆதாரம் இல்லை அண்ணை."

"படிக்கல்ல எண்டதுக்கு ஆதாரம் இருக்கா?"

சிரியுங்கள். அன்று நானும் சிரித்தேன். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இருநூறு ஆண்டுக்கு முன் பிறந்த ஒரு ஜெர்மன்காரருடைய பள்ளிக்கூட அலுமாரியில் எங்கள் ஓலை இருந்ததா என்று துருவத் தெரிந்த எங்களுக்கு, பக்கத்து வீட்டுக்காரனின் இரத்தத்தில் என்ன இருந்தது என்று கேட்கத் தெரியவில்லை. அங்கே ஆதாரம் இல்லாமலே நம்பினோம். இங்கே ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே எரித்தோம்.

எரித்தோம் என்றா சொன்னேன்? ஆம். அந்தச் சொல்லை எடைபோட்டுத்தான் சொன்னேன்.

முதலில் அந்த மருத்துவரின் கதை. ஃபெலிக்ஸ் ஹொப்பே பிறந்தது 1825ஆம் ஆண்டு. சிறுவயதிலேயே தாயை இழந்தார், தந்தையையும் இழந்தார். அக்காவின் கணவர் எடுத்து வளர்த்தார். வளர்ந்து பேராசிரியராகி ஊர் அறிந்த பிறகு, வளர்த்தவருடைய பெயரையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அப்படித்தான் ஹொப்பே, ஹொப்பே-சைலர் ஆனார்.

இளம் மருத்துவராக அவர் போய் நின்ற இடம் எது? அரண்மனையா? அமைச்சர் மாளிகையா? பெர்லின் நகரத்து வேலைவிடுதி. வீடற்றவரை, வழியற்றவரை, கேட்பாரற்றவரை உள்ளே வைத்து வேலை வாங்கும் இடம். அங்கே அவர் என்ன கண்டார், என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லமாட்டேன். ஆனால் உழைத்துக் களைத்த உடம்புகளை அவர் அருகிலிருந்து பார்த்தார் என்பது மட்டும் உறுதி.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் குளிர்காலச் சாவு ஒன்று இருந்தது. கணப்பில் கரி கனன்றுகொண்டிருக்கும். சூடு வெளியே போய்விடுமே என்று புகைவழியை அடைத்துவிட்டுப் படுப்பார்கள். விடிந்ததும் அயலவர் வந்து கதவை உடைத்தால், கன்னம் சிவந்தபடி, கண் மூடியபடி, குடும்பமே கிடக்கும். காயம் இல்லை. காய்ச்சல் இல்லை. கழுத்தில் கயிறும் இல்லை. ஊரார் என்ன சொன்னார்கள்? காலம் வந்தது, போனார்கள் என்றார்கள். எந்த ஊர் ஊராரும் சொல்வது அதுதான். ஊராருக்கு வசதியானதும் அதுதான்.

ஹொப்பே-சைலர் அந்தப் பதிலை ஏற்கவில்லை. ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு எடுத்தார். அதில் ஒரு துளி இரத்தம் விட்டார். அதன்மேல் காரச் சோடாக் கரைசல் விட்டார். நல்ல இரத்தமென்றால் நிறம் கெட்டு, பச்சையும் பழுப்புமாகச் சேறாகிப் போகும். கரிப்புகையின் நச்சுவாயு ஏறிய இரத்தமோ சிவப்பாகவே நிற்கும். செத்தவன் பேசமாட்டான். அவனுடைய இரத்தம் சிவப்பாகவே நின்று பேசும். அந்தச் சோதனை வெளிவந்த ஆண்டு 1858. நூற்று அறுபது ஆண்டுகளுக்கும் மேல். ஒரு காசும் பெறாத ஒரு தட்டு, ஒரு துளி, ஒரு கேள்வி.

அந்த வாயுவுக்குக் காபன் மொனொக்சைட் என்று பெயர். நிறமில்லாதது, மணமில்லாதது, நாக்கில் படாதது. உங்கள் இரத்தப் பரிசோதனைத் தாளில் 'ஹீமோகுளோபின்' என்று ஒரு வரி இருக்கிறதே, அதைப் பார்த்து நீங்கள் பீட்ரூட் வாங்குகிறீர்களே, அந்தச் சிவப்புப் பொருளுக்கு அந்தப் பெயரை வைத்தவரும் இவர்தான்.

அவருடைய ஐயம் எப்படிப்பட்டது தெரியுமா? அவருடைய மாணவர் ஒருவர் உயிரணுவின் கருவுக்குள் புதிய பொருளொன்றைக் கண்டுபிடித்து எழுதிக்கொண்டு வந்தார். பின்னாளில் உலகமே டீஎன்ஏ என்று கொண்டாடிய பொருள் அது. ஆசிரியர் பொன்னாடை போர்த்தினாரா? இல்லை. கட்டுரையை நிறுத்தி வைத்தார். தானே இருந்து, தன் கையால் மறுபடி செய்து பார்த்தார். சரியென்று கண்ட பிறகுதான் அச்சுக்கு விட்டார்.

வேண்டாம், கைதட்ட வேண்டாம். அவரைத் தெய்வமாக்க நான் வரவில்லை. அயர்லாந்து மருத்துவர் ஒருவர் உடல் திசுக்களில் புதிய நிறப்பொருளொன்றைக் கண்டதாக எழுதியபோது இதே மனிதர் மறுத்தார். தன் கையிலிருந்த ஆய்விதழில், இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்று விவாதத்தையே மூடினார். அந்த அயர்லாந்துக்காரர் சொன்னதில் உண்மை இருந்தது என்று பிந்தியவர்கள் காட்டினார்கள். பெரிய மனிதர்களும் கதவை மூடுவார்கள். மூடிய கதவுக்கு வெளியே உண்மை குளிரில் நிற்கும்.

இனி எங்கள் கதவுக்கு வருகிறேன்.

கடந்த வியாழக்கிழமை பிரதாபனின் முப்பத்தோராம் நாள். பந்தி முடிந்து அவர் வீட்டுக் கராஜில் நின்றபோது யசிந்தனும் றோசலினும் பக்கத்தில் நின்றார்கள். இருவரும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் பெயரைச் சொல்கிறேன். பிரதாபன் வேலை செய்த அதே பொதி கட்டும் கூடத்தில், அதே வானில் போய், அதே வரிசையில் நிற்பவர்கள். யசிந்தன் தன் நெற்றியைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"என்ன யசிந்தன், தலையிடியா?"

"இது நிரந்தரம் அக்கா. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்ல. ஞாயிற்றுக்கிழமைதான் மாமியார் வீட்ட வாறவ. அப்ப காரணம் மாமியார் இல்ல எண்டது மட்டும் உறுதி."

றோசலின் சிரித்தார். "எங்கட வான்ல போற எல்லாருக்கும் இருக்கு அக்கா. சுப்பவைசர் கேக்கிறான், தமிழ் ஆக்கள் எல்லாரும் ஏன் நெத்தியில ஒரே தலையிடிப் பாம் பூசிக்கொண்டு வாறீங்க எண்டு. அவன் நினைச்சிற்றான் அது எங்கட சமயம் எண்டு."

நான் சிரிக்கவில்லை. "கூடத்துக்குள்ள என்ன ஓடுது?" என்று கேட்டேன்.

"சாமான் தூக்கிற ஃபோர்க்லிஃப்ட் ரெண்டு. முந்தி கரண்ட்ல ஓடினது. அது பழுதாப் போக மார்கழியில இருந்து காஸ் சிலிண்டர் வச்சது ஓடுது."

"கதவு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். றோசலின்தான் சொன்னார்: "கதவு திறந்தா ஐஸ் காத்து அடிக்கும் அக்கா. நாங்கதான் கேட்டு மூடுவிச்சது. பிரதாபன் அண்ணன்தான் எல்லாருக்குமாப் போய்க் கதைச்சவர்."

தாய்மாரே, கேட்டீர்களா? எரியும் காஸிலிருந்தும் அதே நச்சுவாயு வரும். சூடு போய்விடும் என்று புகைவழியை அடைத்த அந்தக் குடும்பங்களைப் போல, எங்கள் பிள்ளைகள் கேட்டு, கெஞ்சி, நன்றி சொல்லி, தங்கள் கதவைத் தாங்களே மூடுவித்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கூடத்தில் கேட்டவுடன் கிடைத்த ஒரே சலுகை அதுதான்.

உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. காபன் மொனொக்சைட் வந்தால் கத்தும். சட்டம் சொல்கிறது, வாங்கி மாட்டினோம். ஆறு மணிநேரம் படுக்கும் வீட்டுக்குப் பெட்டி கேட்டோம். எட்டு மணிநேரம் மூச்சு வாங்கும் கூடத்துக்கு ஏன் கேட்கவில்லை? வாடகை வீட்டில் தண்ணீர் ஒழுகினால் வீட்டுக்காரனை உலுக்குகிற வாய், வேலைத்தலத்தில் ஏன் ஒட்டிக்கொள்கிறது?

மூன்றாம் வரிசையில் ஐயா ஏதோ சொல்கிறீர்கள். உரக்கச் சொல்லுங்கள். "இது விழா, உதை இஞ்ச ஏன் கதைக்கிறியள்" என்றா? சரியான கேள்வி. வேறெங்கே கதைப்பது ஐயா? செத்த வீட்டில் கதைத்தால், சாவு வீட்டில் உது வேண்டாம் என்றீர்கள். முப்பத்தோராம் நாளில் கதைத்தால், சாப்பிடுகிற இடத்தில் உது வேண்டாம் என்றீர்கள். கோயிலில் வேண்டாம், கலியாணத்தில் வேண்டாம், பிள்ளைகள் முன்னால் வேண்டாம். ஒரு மனிதனின் சாவைப் பற்றி எங்கள் சமூகத்தில் வாய்திறக்க ஓர் இடத்தைக் காட்டுங்கள். நான் இந்த ஒலிவாங்கியை வைத்துவிட்டு அங்கே போகிறேன்.

நன்றி. உட்காருங்கள்.

தலைவர் ஒரு துண்டுக் கடதாசி அனுப்பியிருக்கிறார். "மதுரா, இன்னும் அஞ்சு நிமிசம்." அண்ணை, அன்று பிரதாபன் வீட்டில் நாங்கள் எடுத்ததும் அந்த ஐந்து நிமிடம்தான். அதைச் சொல்லாமல் நான் இறங்கமாட்டேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. முதல்நாள் வேலை முடிந்து வந்த பிரதாபன், சாப்பாடு வேண்டாம், தலை வெடிக்குது என்று சோபாவில் படுத்தவர். எழும்பவில்லை. வயது ஐம்பத்து மூன்று. பிறஷர் குளிசை போட்டுக்கொண்டிருந்தவர். நான் போனபோது வீடு நிறைய ஆட்கள். மரண விசாரணை மருத்துவர் தொலைபேசியில் வந்தார். சில கேள்விகள் கேட்க வேண்டும் என்றார். அந்தத் தொலைபேசி நிருஜாவின் கையிலிருந்து அவருடைய தம்பியின் கைக்குப் போயிற்று. தம்பியின் கையிலிருந்து நாகமணி அங்கிளின் கைக்குப் போயிற்று.

அங்கிள், நீங்கள் சொன்னதை உங்கள் முன்னாலேயே சொல்கிறேன். பிழையிருந்தால் எழுந்து திருத்துங்கள். "வெட்டக் கிட்ட விட்டிராதேங்க. வெட்டினா ரெண்டு மூண்டு நாள் இழுபடும். வெள்ளிக்கிழமைக்கு மண்டபம் எடுத்தாச்சு. முழு உடம்போட அனுப்புவம்." நீங்கள் கெட்ட மனதோடு சொல்லவில்லை. நிருஜாவின் கண்ணீரைக் குறைக்கத்தான் சொன்னீர்கள். நாங்கள் எல்லோரும் அதையேதான் எண்ணினோம். உடம்பை வெட்டினால் அவமானம். வெட்டாமல் எரித்தால் மரியாதை. எதனால் செத்தான் என்று தெரியாமல் எரிப்பதில் மட்டும் எங்களுக்கு எந்த அவமானமும் இல்லை.

அந்தத் தொலைபேசி அங்கிளின் கையிலிருந்து எங்கே போயிற்று?

என் கைக்கு வந்தது.

"புள்ள, நீ படிச்சவள். நீ கதை" என்றார்கள். படித்தவள் கதைத்தேன். இருபது ஆண்டுகளாக மாணவர்களுக்கு அந்த வெள்ளைத் தட்டைக் கரும்பலகையில் வரைந்து காட்டியவள் கதைத்தேன். அந்த மருத்துவர் பொறுமையாக, அன்பாகக் கேட்டார். அண்மையில் ஏதும் சுகவீனம் சொன்னாரா? நான் திரும்பி நிருஜாவைக் கேட்டேன். நிருஜா அழுதுகொண்டே சொன்னார்: "தலையிடி எண்டவர் அக்கா. வேலையில எல்லாருக்கும்தானாம்."

இரண்டு வாக்கியம். முதலாவதை ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டாவதைச் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? மறைக்கவில்லை. மறக்கவும் இல்லை. அது தேவையில்லாத வாக்கியம் என்று நினைத்தேன். அழுகிற மனுசி அரற்றுகிறாள் என்று நினைத்தேன். எதையும் மூன்று தரம் ஐயப்படுகிறவள் அன்று ஒருதரமும் ஐயப்படவில்லை. பிறஷர் இருந்தது, தலையிடி இருந்தது, வேலையில் எந்தப் பிரச்சினையும் இல்லை, குடும்பத்தார் பிரேதப் பரிசோதனையை விரும்பவில்லை. இவ்வளவும் நான் சொன்னது. அந்த மருத்துவர் என் வார்த்தையை நம்பினார். நம்பாமலிருக்க அவருக்கு நான் ஒரு காரணமும் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை பிரதாபனை எரித்தோம்.

நிருஜா, உன்னிடம் வியாழக்கிழமை இரவே இதைச் சொன்னேன். இன்று எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். என் பிழை. மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய் என்று தெரியும். அது எனக்கு இலகுவாகிவிடும்.

ஆகவே நான் உங்கள்மேல் மட்டும் கோபம் கொண்டு வரவில்லை. என்மேல் கொண்ட கோபத்தில் உங்களுக்கும் பங்கு பிரிக்க வந்திருக்கிறேன்.

அவருடைய இரத்தத்தில் அந்த வாயு இருந்ததா? இருந்திருக்கலாம். பிறஷரே காரணமாகவும் இருந்திருக்கலாம். ஹொப்பே-சைலர் இங்கே நின்றால் என்னைப் பார்த்து ஒன்றுதான் கேட்பார்: தட்டு எங்கே? துளி எங்கே? ஐயா, சாம்பல்தான் இருக்கிறது. சாம்பலில் சிவப்பு இல்லை.

ஆனால் அவரோடு அதே வானில் போன பதினான்கு பேர் இருக்கிறார்கள்! நாளை திங்கட்கிழமை. நாளைக் காலை ஐந்தரைக்கு அதே வான் வரும். ஏழு மணிக்கு அதே கதவு மூடும். அந்தப் பதினான்கு பேரின் உடம்பில் இரத்தம் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் இரத்தம். இன்னும் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய இரத்தம்.

நேற்று முன்தினம், வெள்ளிக்கிழமை, வேலைத்தலப் பாதுகாப்பைப் பார்க்கும் அரச அலுவலகத்துக்கு அறிவித்துவிட்டேன். வருவோம் என்றார்கள், நாள் சொல்லவில்லை. வேலைக்குப் போகாதீர்கள் என்றுதான் இவர்களிடம் முதலில் சொன்னேன். யசிந்தன் என்ன சொன்னார் தெரியுமா? "நாங்க போகல்ல எண்டா வேற பதினாலு பேரை ஏத்துவாங்க அக்கா. அவங்களுக்குத் தலையிடி ஏன் எண்டும் தெரியாது." இதற்கு என்ன பதில் சொல்வது? உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

ஒரு பெட்டியைக் கொண்டுபோய் வைத்துக் கத்தவைத்தால் பெட்டி பழுது என்பார்கள். இரத்தம் பழுது என்று எவர் சொல்வார்? ஆனால் ஒன்று. இந்தச் சாட்சி நெடுநேரம் நிற்காது. வெளிக்காற்றைச் சுவாசிக்கச் சுவாசிக்க அந்த வாயு உடம்பைவிட்டுப் போய்விடும். வீட்டுக்குப் போய், குளித்து, தேத்தண்ணி குடித்து, பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றால் பாதி சாட்சி வழியிலேயே போய்விடும். மூன்று மணிக்கு வேலை முடியும். மூன்று மணிக்கே, அந்த உடுப்போடு, அந்தப் பாம் மணத்தோடு, நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு வர வேண்டும்.

மருத்துவர் ராகுலன் எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் டொக்டர்.

"நான் எமர்ஜென்சிக்கு முன்னமே கோல் பண்ணி வைப்பன். லெட்டர் எழுதி மதுரா அக்காவிட்ட குடுக்கிறன். ஊசி ஒண்டுதான். உங்கட கேஸ், பேப்பர் ஒண்டையும் டொக்டர் கேக்க மாட்டார்."

நன்றி டொக்டர். அச்சம் எனக்குப் புரிகிறது. அகதிக் கோரிக்கை முடியவில்லை என்கிறீர்கள். வேலை போய்விடும் என்கிறீர்கள். போகலாம். போகாது என்று பொய் சொல்லமாட்டேன். ஏற்கெனவே ஒருதரம் பாதி உண்மை சொல்லியிருக்கிறேன், அது போதும். ஆனால் இந்த ஒன்றியத்திடம் கேட்கிறேன். பொன்னாடைக்கு ஆள் இருக்கிறது. பூமாலைக்கு ஆள் இருக்கிறது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கு ஒரு மணிநேரத்தில் நூறு பெயர் சேர்கிறது. உயிரோடிருக்கும் பதினான்கு பேரை மூன்று மணிக்கு ஏற்றிக்கொண்டு போக எத்தனை வண்டி வரும்? செத்த பின் தூக்க நாலு தோள் வருமென்று பெருமை பேசும் சமூகமே, சாகுமுன் ஏற்ற நாலு கார் வருமா?

எதனால் என்று கேளுங்கள். அப்பா இருமினால் கேளுங்கள். அயலவன் விழுந்தால் கேளுங்கள். வைத்தியர் கேட்டால் முழு வாக்கியமும் சொல்லுங்கள். அரற்றல் என்று எதையும் தள்ளாதீர்கள். கேட்காத சமூகத்தைக் காற்றே கொல்லும். கொன்றுவிட்டுக் கைகழுவிக்கொண்டு வெளியே போகும்.

பேச வராதவளைப் பேசவிட்ட தலைவருக்கும், துண்டு அனுப்பியும் ஒலிவாங்கியைப் பிடுங்காத அவருடைய பெருந்தன்மைக்கும், குறுக்கிட்டுக் கேட்ட ஐயாவுக்கும், கடைசி வரிசையில் இருந்து கடைசி வரை எழுந்து போகாத நிருஜாவுக்கும் என் நன்றி. நாளை மூன்று மணிக்கு அந்த வாசலில் நிற்பேன். அங்கே உங்களுக்கு வணக்கம் சொல்கிறேன்.

*

இதுவரை அன்று பேசியது. மறுநாள் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

இரண்டே முக்காலுக்கு அந்தக் கூடத்தின் எதிரே வண்டியை நிறுத்தினேன். வான் ஏற்கெனவே நின்றது. மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் முன்பு மகேஸ்வரன் அண்ணையின் கார் வந்து என் பின்னால் நின்றது. பக்கத்து இருக்கையில் நாகமணி அங்கிள். வேறு கார் வரவில்லை.

மூன்று பத்துக்கு வெளியே வந்தார்கள். முதலில் றோசலின். வானைக் கடந்து நேரே என் வண்டிக்கு வந்து பின்கதவைத் திறந்தார். அடுத்து யசிந்தன். அவருக்குப் பின்னால் இன்னும் இருவர். மற்றவர்கள் வான் பக்கம் போனார்கள். அப்போது அங்கிள் இறங்கி, பனியில் தடியூன்றி நின்று, "டேய், இஞ்சயும் இடம் இருக்கு" என்றார். இரண்டு பேர் திரும்பினார்கள். எட்டுப் பேரோடு வான் போயிற்று.

ஆஸ்பத்திரியில் ஆறு பேருக்கும் இரத்தம் எடுத்தார்கள். புகைபிடிக்காத ஒருவருக்கு அந்த வாயு இரண்டு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று ராகுலன் சொல்லியிருந்தார். ஆறு பேரும் புகைபிடிக்காதவர்கள். ஆகக் குறைந்தது ஒன்பது. றோசலினுக்குப் பதினேழு. ஆறு பேரையும் கட்டிலில் கிடத்தி முகத்தில் ஒட்சிசன் மாட்டினார்கள். ஆஸ்பத்திரியே தீயணைப்புப் படைக்கு அறிவித்தது. ஐந்து மணிக்குள் கூடத்தின் பெரிய கதவுகளைத் திறந்து, மாலை வேலைக்கு வந்தவர்களை வெளியே எடுத்து, இரண்டு ஃபோர்க்லிஃப்டையும் நிறுத்திவிட்டார்கள்.

ஐந்தே காலுக்கு ஆறு பேரின் தொலைபேசிக்கும், கூடத்துக்கு ஆள் அனுப்பும் முகவரிடமிருந்து செய்தி வந்தது. இனி வரத் தேவையில்லை. யசிந்தன் அதை வாசித்துவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். நாகமணி அங்கிள் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்.

றோசலின் முகமூடியை ஒரு பக்கம் தூக்கினார்.

"மற்ற எட்டுப் பேரும் எங்க அக்கா?"

"வான்ல போயிற்றினம்."

"என்ர போனைத் தாங்க."

முகமூடியைப் போட வந்த தாதியைக் கையால் மறித்துவிட்டு, ஒவ்வொருவராக அழைத்தார். "சாப்பிடாத, படுக்காத, இஞ்ச வா. எனக்குப் பதினேழாம். உனக்கு எவ்வளவு எண்டு வந்து பார்." எட்டுப் பேருக்கும் இதையேதான் சொன்னார்.

ஏழு மணிக்குள் ஐந்து பேர் வந்தார்கள். மூன்று பேர் வரவில்லை.